இழுவை இல்லாத எஞ்சின்: பழுதைக் கண்டபின் பாகம் வாங்குங்கள்

ஊருக்குத் திரும்பிய பல குடும்பங்களிடம் உள்ள ஒரே வாகனம் பழைய மோட்டார் சைக்கிள்தான். பிள்ளையைப் பாடசாலைக்குக் கொண்டுபோவதும், மரக்கறியையோ மீனையோ சந்தையில் சேர்ப்பதும், இரவில் நோயாளியை வைத்தியசாலைக்கு ஏற்றிச் செல்வதும் அதில்தான். இந்த வாகனங்களில் சில மாதக்கணக்கில், சில வருடக்கணக்கில் வெயிலிலும் மழையிலும் நின்றவை. திரும்பக் கிடைத்து ஓடத் தொடங்கிய பின்னர் “மிஸ் அடிக்குது”, “இழுவை இல்லை”, “ஆளை ஏத்தினால் குளக்கட்டில ஏறுதில்லை” என்ற முறைப்பாடுகள் வருகின்றன.

அப்போது பலரும் செய்வது, சொன்னவர் சொன்ன பாகத்தை வாங்கி மாற்றுவது. முதலில் பிளக், பிறகு கொயில், அதன் பிறகு காபரேற்றர். கையிலிருந்த பணம் முடிந்த பிறகும் எஞ்சின் இடறிக்கொண்டே இருக்கும். பழுது வேறிடத்தில் இருப்பதே காரணம். பாகம் வாங்குவதற்கு முன்னர், அதிகச் செலவின்றி வீட்டு முற்றத்திலேயே பழுது எந்தப் பக்கம் உள்ளது என்று கண்டுபிடிக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

இங்கு சொல்லப்படுவது காபரேற்றர் உள்ள, பெற்றோலில் ஓடும் நான்கு வீச்சு மோட்டார் சைக்கிள்களுக்குப் பொருந்தும். பழைய நான்கு சிலிண்டர் கார்களுக்கான குறிப்பு பின்னால் தரப்பட்டுள்ளது. டீசல் எஞ்சினில் பிளக் கிடையாது. ஆகவே டீசல் லான்ட்மாஸ்ரருக்கும் உழவு இயந்திரத்துக்கும் இம்முறை பொருந்தாது.

முதலில் பாதுகாப்பு

• பற்றைக்குள்ளோ வெறுங்காணியிலோ கைவிடப்பட்டுக் கிடக்கும் வாகனத்தை நெருங்க வேண்டாம். உதிரிப்பாகம் கழற்றுவதற்காகவும் போக வேண்டாம். அதைச் சுற்றியுள்ள நிலத்தில் மிதிவெடியும், அதன் உள்ளே வெடிக்காத வெடிபொருளும் இருக்கக்கூடும். கண்டால், வந்த வழியே திரும்பி வந்து கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவியுங்கள். ஒரு காபரேற்றருக்காகக் காலை இழக்க வேண்டியதில்லை.

• பெற்றோல் தொடர்பான வேலையைப் பகல் வெளிச்சத்தில், வெட்டவெளியில் செய்யுங்கள். குப்பி விளக்கு, அடுப்பு, பீடி, சிகரெட் எதுவும் அருகில் இருக்கக்கூடாது. பெற்றோலின் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தோடு பரவிச் சென்று தூரத்து நெருப்பிலும் பற்றும்.

• தகரக் கொட்டிலுக்குள்ளோ வீட்டுக்குள்ளோ எஞ்சினை ஓடவிட வேண்டாம். புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. மூடிய இடத்தில் அது உயிரைப் பறிக்கும்.

• குழாயை வாயில் வைத்துப் பெற்றோலை உறிஞ்ச வேண்டாம். நுரையீரலுக்குள் சில துளிகள் போனாலும் ஆபத்து. கழற்றிய பெற்றோலைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கவும் வேண்டாம். தாகத்தோடு வரும் பிள்ளைக்கு அது குடிபானமாகத் தோன்றும்.

எஞ்சினுக்கு வேண்டிய நான்கு

ஒழுங்காக எரிவதற்கு எஞ்சினுக்கு நான்கு விடயங்கள் வேண்டும்: பொறி, பெற்றோல், காற்று, அமுக்கம். பிஸ்ரன் கீழே இறங்கும்போது பெற்றோலும் காற்றும் கலந்த கலவை உள்ளே வருகிறது. மேலே ஏறும்போது கலவை அமுக்கப்படுகிறது. அப்போது பிளக்கில் பொறி விழ, கலவை எரிந்து பிஸ்ரனைக் கீழே தள்ளுகிறது. மறுபடி மேலே ஏறும்போது புகை வெளியேறுகிறது. இந்த நான்கில் ஒன்று இடைக்கிடை தவறினால் எஞ்சின் இடறும். ஒன்று எப்போதும் குறைவாக இருந்தால் இழுவை குறையும். எது குறைகிறது என்று கேட்பதுதான் பழுது காண்பதன் தொடக்கம்.

கழற்றுவதற்கு முன் கவனியுங்கள்

சாவியைக் கையில் எடுப்பதற்கு முன் பின்வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதி வையுங்கள்.

1. எஞ்சின் குளிராக இருக்கும்போது இடறுகிறதா, சூடேறிய பிறகா?
2. மெதுவாக ஓடும்போதா, வேகமெடுக்கும்போதா, சுமை ஏற்றியபோதா?
3. மழையில் நனைந்த பிறகு மட்டுமா?
4. எவ்வளவு தூரம் ஓடியபின் தொடங்குகிறது?
5. புகையின் நிறம் என்ன? கறுப்பா, நீலமா?
6. கடைசியாக என்ன வேலை செய்தீர்கள்? பெற்றோலை எங்கே வாங்கினீர்கள்?

மழைக்குப் பின் மட்டும் இடறினால் பிளக் வயரிலோ பிளக் தொப்பியிலோ ஈரக்கசிவு இருக்கலாம். கறுப்புப் புகை பெற்றோல் கூடுதலாகப் போவதைக் காட்டும். நீலப் புகை எஞ்சின் ஒயில் எரிவதைக் காட்டும். சுமை ஏற்றியபோது மட்டும் இடறினால், பொறி பலவீனமாகவோ பெற்றோல் போதாமலோ இருக்கலாம்.

படி 1: குறை எஞ்சினில்தானா?

இழுவை குறைந்தால் எஞ்சினையே குறை சொல்வது வழக்கம். ஆனால் பிறேக் பிடித்துக்கொண்டு இருந்தாலும் வாகனம் இழுக்காது. மெயின் ஸ்ராண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின்சில்லைக் கையால் சுற்றுங்கள். முன்சில்லையும் உயர்த்திச் சுற்றுங்கள். இலகுவாகச் சுற்ற வேண்டும். சில்லு உடனே நின்றால் பிறேக்கைத் தளர்த்திப் பாருங்கள். செயின் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறதா, ரயரில் காற்று போதுமா என்றும் பாருங்கள்.

அடுத்தது கிளச். ஓடும்போது அக்சிலேற்றரை முறுக்கினால் எஞ்சின் சத்தம் மட்டும் கூடி, வேகம் கூடாவிட்டால் கிளச் வழுக்குகிறது. முதலில் கிளச் வயரில் சிறிது தளர்வு இருக்கிறதா என்று பாருங்கள். வயர் இறுகியிருந்தாலே கிளச் வழுக்கும். இவற்றைப் பார்க்க ஒரு சதமும் செலவில்லை.

படி 2: பிளக்கும் பொறியும்

பெற்றோல் குழாயைக் கழற்றுவதற்கு முன்னரே பொறியைச் சோதியுங்கள். சிந்திய பெற்றோலுக்கு அருகில் பொறி உண்டாக்கக்கூடாது.

வாகனத்தைச் சில கிலோமீற்றர் ஓட்டி நிறுத்தி, எஞ்சின் ஆறிய பிறகு பிளக்கைக் கழற்றுங்கள். அதன் முனையின் நிறம் உள்ளே நடப்பதைச் சொல்லும்.

• இளம் மண்ணிறம்: எரிதல் சரியாக உள்ளது.
• காய்ந்த கரி போன்ற கறுப்பு: பெற்றோல் கூடுதல் அல்லது காற்றுக் குறைவு.
• ஒயில் பூசிய கறுப்பு: றிங்கோ வால்வ் சீலோ தேய்ந்து ஒயில் உள்ளே வருகிறது.
• வெளிறிய வெள்ளை: பெற்றோல் போதாது, எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகிறது.
• பெற்றோலில் நனைந்திருத்தல்: பெற்றோல் வருகிறது, ஆனால் எரியவில்லை.

பிளக்கைத் துடைத்து இடைவெளியைப் பாருங்கள். சிறிய மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் இது 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர் வரை இருக்கும். உங்கள் வாகனத்தின் கைநூலில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

இனிப் பிளக்கை அதன் தொப்பியில் பொருத்தி, அதன் உலோக உடலை எஞ்சினின் வெறும் உலோகத்தில் நன்றாகத் தொடும்படி வையுங்கள். பிளக் இருந்த துளையைப் பழந்துணியால் மூடி, பிளக்கை அத்துளையிலிருந்து விலக்கி வையுங்கள். றப்பர் தொப்பியை மட்டும் பிடித்துக்கொண்டு, இன்னொருவரைக் கிக்கரை மிதிக்கச் சொல்லுங்கள். நிழலில் பாருங்கள். நீல நிறத்தில் “டிக் டிக்” என்று பாயும் பொறி நல்லது. மஞ்சளாக, மெல்லியதாக, விட்டு விட்டு வந்தால் பலவீனம். பிளக்கை எங்கும் தொடாமல் தொங்கவிட்டுக் கிக்கரை மிதிக்க வேண்டாம். கொயிலும் சி.டி.ஐ. பெட்டியும் பழுதடையலாம்.

பொறி பலவீனமாக இருந்தால் நல்லதென்று தெரிந்த ஒரு பிளக்கை அயலவரிடம் சிறிது நேரம் இரவல் வாங்கிச் சோதியுங்கள். பொறி நன்றாக வந்தால் பிளக்தான் பழுது. வராவிட்டால், மலிவானதிலிருந்து தொடங்குங்கள். பிளக் தொப்பியைக் கழற்றி வயர் முனையில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கிறதா, எலி கடித்திருக்கிறதா, எர்த் வயர் துருப்பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருட்டிய பிறகு எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால், வெடித்த வயரிலிருந்து பொறி கசிவது கண்ணுக்குத் தெரியும்.

ஹொண்டா 90 போன்ற மிகப் பழைய வகைகளில் பொயின்ற் இருக்கும். அதன் முகங்கள் கருகிக் குழி விழுந்திருந்தால் துப்புரவு செய்து இடைவெளியை 0.3 முதல் 0.4 மில்லிமீற்றருக்குள் அமைக்க வேண்டும். துப்புரவு செய்தும் விரைவில் மறுபடி கருகினால் கொண்டென்சரைச் சந்தேகியுங்கள்.

படி 3: பெற்றோல்

நல்ல பொறி இருந்தால் அடுத்தது பெற்றோல். கழற்றாமலே ஒரு சோதனை உண்டு. எஞ்சின் சூடாகி இடறும்போது சோக்கைச் சிறிது இழுத்துப் பாருங்கள். நன்றாக ஓடத் தொடங்கினால் பெற்றோல் போதவில்லை, அல்லது எங்கோ மேலதிகக் காற்று நுழைகிறது. இன்னும் மோசமானால் பெற்றோல் ஏற்கெனவே கூடுதலாகப் போகிறது, அல்லது காற்று அடைபட்டுள்ளது. இந்தச் சோதனை உங்கள் தேடலைப் பாதியாகக் குறைக்கும்.

பெற்றோல் போதாவிட்டால், காபரேற்றரில் மாட்டியுள்ள குழாயைக் கழற்றிச் சுத்தமான கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டு, திருகியைத் திறவுங்கள். பெற்றோல் தடையின்றி ஓட வேண்டும். போத்தலைச் சில நிமிடங்கள் அசையாமல் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அது அடியில் தனிப் படையாகத் தேங்கும், பெற்றோல் மேலே நிற்கும். அடியில் செம்மண் போலத் தெரிந்தால் தாங்கியின் உட்புறம் துருப்பிடித்துள்ளது. நெடுநாள் நின்ற வாகனங்களில் இவை இரண்டும் பொதுவானவை. அவ்வாறானால் தாங்கியைக் கழற்றிக் கழுவி முழுமையாகக் காயவைத்த பின்னரே காபரேற்றரைத் துப்புரவு செய்யுங்கள். மாறிச் செய்தால் அடுத்த நாளே மறுபடி அடைபடும்.

பழைய பெற்றோலும் ஒரு காரணம். மாதக்கணக்கில் நின்றால் அதன் இலேசான பகுதி ஆவியாகி, மிச்சம் பசையாகி, காபரேற்றரின் நுண்துளைகளை அடைக்கும். வார்னிஷ் போன்ற மணம் வந்தால் அதைப் பாவிக்க வேண்டாம். ஜெற் துளைகளைக் காற்றை ஊதித் துப்புரவு செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெருத்து, பிறகு எப்போதும் பெற்றோல் கூடுதலாகப் போகும்.

மண்ணெண்ணெய் பற்றியும் சொல்ல வேண்டும். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், சில துளி பெற்றோலில் எஞ்சினைத் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டியதை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று வேறு வழியிருக்கவில்லை. ஆனால் மண்ணெண்ணெய் பெற்றோலைப் போல இலகுவில் ஆவியாகாது. எரியாத பகுதி எஞ்சின் ஒயிலுக்குள் இறங்கி அதைத் தண்ணீராக்கும். கரி படியும், றிங்கும் சிலிண்டரும் தேயும். அவ்வாறு நெடுங்காலம் ஓடிய எஞ்சினென்றால் கீழேயுள்ள அமுக்கச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். ஒயிலை முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் அல்லது பெற்றோல் மணம் வந்தால் ஒயிலை மாற்றுங்கள்.

படி 4: காற்றும் புகைவழியும்

காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். எங்கள் செம்மண் புழுதியில் அது விரைவில் அடைபடும். வடிகட்டி இல்லாமல் ஓட்டுவது தீர்வல்ல. புழுதி உள்ளே போய் சிலிண்டரை அரம் போலத் தேய்த்துவிடும்.

நின்ற வாகனத்தின் காற்றுக் குழாயிலும் சைலன்சரிலும் குளவி மண்கூடு கட்டியிருப்பதுண்டு. எஞ்சின் ஓடும்போது சைலன்சர் வாயிலுக்குச் சற்றுத் தள்ளிக் கையைப் பிடியுங்கள். புகை பலமாகவும் ஒழுங்காகவும் கையில் அடிக்க வேண்டும். மெல்லியதாக வந்து, எஞ்சினும் திணறினால் வழி அடைபட்டுள்ளது.

காபரேற்றரையும் எஞ்சினையும் இணைக்கும் பகுதியில் வெடிப்பு இருந்தால் மேலதிகக் காற்று நுழையும். எஞ்சின் மெதுவாக ஓடும்போது அவ்விடத்தில் சவர்க்காரத் தண்ணீரைச் சிறிது தடவுங்கள். ஓட்டத்தில் மாற்றம் தெரிந்தால் கசிவு அங்கேதான்.

படி 5: அமுக்கம்

சாவியை நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றி, தொப்பியோடு சேர்த்து எஞ்சின் உலோகத்தில் தொடும்படி வையுங்கள். துளையைப் பெருவிரலால் இறுக மூடிக்கொண்டு கிக்கரை மிதிக்கச் சொல்லுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வெளியே வர வேண்டும். இலகுவாக மூடிப் பிடிக்க முடிந்தால் அமுக்கம் குறைவு.

அப்படியானால் துளைக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு, சில தடவை மிதித்து, மறுபடி சோதியுங்கள். அமுக்கம் தெளிவாகக் கூடினால் றிங் அல்லது சிலிண்டர் தேய்ந்துள்ளது. கூடாவிட்டால் வால்வைச் சந்தேகியுங்கள். வால்வின் இடைவெளி இல்லாமற் போனாலும் அது முழுமையாக மூடாது. ஹொண்டா 90 வகையில் எஞ்சின் குளிராக இருக்கும்போது இந்த இடைவெளி 0.05 மில்லிமீற்றர். எஞ்சினைப் பிரிக்க முன்னர் மெக்கானிக்கிடம் இதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பல வேளைகளில் பெரிய செலவு இதனால் தப்பும்.

ஓர் உதாரணம்

ஒருவரின் மோட்டார் சைக்கிள் வீட்டிலிருந்து புறப்படும்போது நன்றாக ஓடுகிறது. சில கிலோமீற்றர் போனதும் இடறி நிற்கிறது. நிழலில் பத்து நிமிடம் நிறுத்தினால் மறுபடி ஓடுகிறது. “சூட்டில் கொயில் போகுது, மாத்த வேணும்” என்கிறார் நண்பர். அது உண்மையாக இருக்கலாம். சூடேறியபின் பொறியை இழந்து, ஆறியபின் மீளும் கொயில்கள் உண்டு.

ஆனால் இதே அறிகுறியைத் தரும் இன்னொரு பழுதும் உண்டு. பெற்றோல் தாங்கியின் மூடியில் காற்று நுழைய ஒரு சிறு துளை இருக்கிறது. அது சேற்றாலோ துருவாலோ அடைபட்டால், பெற்றோல் குறையும் இடத்துக்குக் காற்று வர முடியாது. சற்று நேரத்தில் பெற்றோல் இறங்குவது நின்றுவிடும். நிறுத்தி வைத்தால் காற்று மெல்லக் கசிந்து நுழைய, மறுபடி ஓடும்.

இரண்டையும் பிரித்தறிய வழி, எஞ்சின் நின்ற அந்த நிமிடத்திலேயே சோதிப்பது. முதலில் தாங்கியின் மூடியைத் திறவுங்கள். “ஸ்ஸ்” என்று காற்று உள்ளே இழுபட்டு, சிறிது நேரத்தில் எஞ்சின் தொடங்கினால் மூடித் துளைதான் பழுது. ஓர் ஊசியால் தீரும் வேலை அது. மூடியைத் திறந்தும் தொடங்காவிட்டால், மூடியை மறுபடி பூட்டிவிட்டு அங்கேயே பொறியைப் பாருங்கள். பொறி இல்லாமல், ஆறிய பிறகு வந்தால் கொயிலை மாற்றுவது நியாயம். வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்து சோதித்தால், இரண்டும் ஆறிச் சரியாகிவிடும். ஒன்றும் தெரியாது.

பழைய நான்கு சிலிண்டர் கார்களுக்கு

மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற கார்களில் எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்று முதலில் காண வேண்டும். எஞ்சினை நிறுத்தி, ஒரு பிளக் வயரைக் கழற்றி, அதன் முனையைக் காப்பிடப்படாத உலோகத்தில் தொடவைத்து, மறுபடி தொடக்குங்கள். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் ஓட்டம் இன்னும் மோசமாகும். எதைக் கழற்றியபோது மாற்றமே இல்லையோ, அந்தச் சிலிண்டரில்தான் பழுது.

அந்தப் பிளக்கை அடுத்த சிலிண்டரின் பிளக்குடன் மாற்றிப் போடுங்கள். பழுதும் கூடவே நகர்ந்தால் பிளக். நகராவிட்டால் வயர், டிஸ்ரிபியூற்றர் மூடியில் வெடிப்பு, அமுக்கம் என்ற ஒழுங்கில் பாருங்கள். அருகருகே உள்ள இரண்டு சிலிண்டர்களும் சேர்ந்து அமுக்கம் இழந்திருந்தால் இடையில் ஹெட் கஸ்கற் எரிந்திருக்கலாம். வயர்களைக் கழற்றி மாட்டியபின் ஓடவே மறுத்தால் ஒழுங்கு மாறியிருக்கலாம். இக்கார்களில் எரியும் ஒழுங்கு 1, 3, 4, 2.

மெக்கானிக்கிடம் போகும்போது

“கொயிலை மாத்துங்கோ” என்று சொல்லாதீர்கள். “சூடேறினபிறகு நிக்குது, மூடியைத் திறந்து பாத்தனாங்கள், பொறி இல்லை” என்று கண்டதைச் சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்குக்கு அது பாதி வேலை. மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். ஒரு தடவையில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது பழுதென்று கடைசிவரை தெரியாது. செய்த வேலையையும் திகதியையும் ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள்.

கற்றதைச் சரிபாருங்கள்

1. எஞ்சின் சத்தம் கூடுகிறது, வேகம் கூடவில்லை. எதைப் பார்ப்பீர்கள்? (கிளச்சை.)
2. சோக்கை இழுத்தால் எஞ்சின் நன்றாக ஓடுகிறது. பெற்றோல் கூடுதலா, குறைவா? (குறைவு, அல்லது மேலதிகக் காற்று நுழைகிறது.)
3. பிளக் துளையில் ஒயில் விட்டதும் அமுக்கம் கூடியது. எது தேய்ந்துள்ளது? (றிங் அல்லது சிலிண்டர்.)
4. காணியின் ஓரப் பற்றைக்குள் உங்கள் வகை மோட்டார் சைக்கிள் ஒன்று கிடக்கிறது. அதில் நல்ல காபரேற்றர் தெரிகிறது. என்ன செய்வீர்கள்? (நெருங்காமல், வந்த வழியே திரும்பி வந்து அறிவிப்பேன்.)

இக்கேள்விகளை வீட்டில் வாகனம் ஓட்டும் எல்லோரிடமும், குறிப்பாக இளைஞர்களிடம் கேளுங்கள். நான்காவது கேள்விக்கான பதிலை ஓட்டத் தெரியாத சிறு பிள்ளைகளும் தெரிந்திருக்க வேண்டும்.